எங்கள் வீட்டுக்கு வடிகட்டி தேவையில்லை

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வரக் கூடாது. இதை அகம்பாவம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மைசூருக்குக் காவேரித் தண்ணீரைச் சுத்தம் பண்ணி அனுப்புகிற நிலையம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கெமிஸ்டாக இருந்தவன் நான். காலையில் ஊரில் யார் காபிக்குத் தண்ணீர் வைத்தாலும், அதை முதல் நாளே குடுவையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "போகலாம்" என்று சொல்லி அனுப்பியவன். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. உத்தியோகம் போனாலும் அந்தத் தோரணை போகவில்லை என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, விஜயநகரில் நானே நின்று கட்டிய வீட்டுக்கு, வீடு முழுவதற்குமாக ஒரு தண்ணீர் வடிகட்டி போட வேண்டும் என்று பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். குடிக்கிற தண்ணீருக்கு ஏற்கெனவே அவள் வாங்கிக் கொடுத்த சின்ன மெஷின் போதாதாம். தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே ஆள் உயரத்துக்கு இரண்டு உருளைகளை நிறுத்தி, குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க என்று எல்லாத் தண்ணீரையும் அதற்குள் விட்டு எடுக்க வேண்டுமாம். மாதம் ஒரு தடவை மூட்டை உப்பு கொட்ட வேண்டுமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. சமையல்காரன் வீட்டுக்கு ஹோட்டல் சாப்பாடு அனுப்புகிற மாதிரி இருந்தது.

"அப்பா, அம்மா கையை நீ பார்த்தியா? வீடியோ கால்ல காமிச்சா. எனக்கு அழுகையே வந்துடுத்து. தண்ணிதான்ப்பா காரணம். இங்க எங்க அபார்ட்மெண்ட்ல எல்லாராத்துலயும் போட்டிருக்கா. ஸும்னே வாதம் பண்ணாம போட்டுடு."

என் மகளுக்குக் கோபம் வந்தால் 'சும்மா'கூட 'ஸும்னே' ஆகி, கன்னடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நான் வாதம் பண்ணவில்லை, விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக அவளும் நினைப்பதில்லை, அவள் அம்மாவும் நினைப்பதில்லை.

கை விஷயம் உண்மைதான். இரண்டு வருஷமாகவே என் மனைவிக்கு விரல்கள் வெடித்துக்கொண்டிருந்தன. பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண்மணி தன் மகளோடு இருக்கப் போய்விட்டாள். வேறு ஆள் பார்க்கலாமா என்று மனைவி கேட்டபோது, "ரெண்டு பேர் பாத்திரம்தானே" என்றேன் நான். அந்த இரண்டு பேர் பாத்திரத்தைத் தேய்த்தது அவள். முதலில் விரல் நுனி சொரசொரத்தது. பிறகு கணுக்களில் கோடு கோடாகக் கீறல் விழுந்தது. கடைசியில் கீறல் ஆழமாகி, காலையில் கையை விரித்தால் ரத்தம் எட்டிப் பார்த்தது. பட்டுப் புடவையை மடிக்க முடியாது, விரல் நூலில் மாட்டி இழுக்கும். ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்க முடியாது. எல்லாவற்றையும்விட, புளி கரைக்க முடியாது. நாங்கள் புளியோதரைக்குப் பேர்போன மேல்கோட்டைக்காரர்கள். எங்கள் வீட்டில் புளி கரைக்க முடியாமல் போவது சின்ன விஷயமில்லை. அவள் எரிச்சல் தாங்காமல் கையை உதறிக்கொண்டு நின்றதை ஒருநாள் பார்த்துவிட்டு, அன்று முதல் நான் கரைத்தேன். அந்த முதல் புளியோதரையை நாங்கள் இருவரும் அப்பளத்தின் துணையோடு சாப்பிட்டு முடித்தோம்.

கீறல் ஆரம்பித்த புதிதில் ஒருநாள், சிங்க்கில் கையை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏன்னா, இந்தத் தண்ணில சோப்பு நுரையே வரமாட்டேங்கறது."

"சோப்பு மட்டம். வேற வாங்கு" என்றேன். காவேரித் தண்ணீரில் நுரை வரவில்லை என்றால் குற்றம் சோப்பின் மேல்தான் என்று விளக்கமாகவும் சொன்னேன். சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீரில்தான் சோப்பு திரிந்துபோகும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீரில் அப்படி ஆகும், நம் வீட்டில் போர்த் தண்ணீர் செடிக்கு மட்டும்தானே போகிறது என்று, அவள் மூன்று பாத்திரம் தேய்த்து முடிக்கிற வரைக்கும் சொன்னேன். அவள் வேறு சோப்பு வாங்கினாள். அதற்கும் நுரை வரவில்லை.

தோல் டாக்டரிடம் போனோம். நல்ல டாக்டர், நிதானமாகப் பார்க்கிறவர். மனைவியின் இரண்டு கைகளையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் பாத்திரம் தேய்க்க எந்தத் தண்ணீர், போர்த் தண்ணீரா என்று கன்னடத்தில் கேட்டார். கேட்டது அவளை. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். காவேரி, மேடம், சுத்தமான காவேரி, அந்தத் தண்ணீரை முப்பத்தோரு வருஷம் சோதனை பண்ணியவனே நான்தான் என்றேன். டாக்டருக்குச் சந்தோஷம். தண்ணீர் விஷயத்தில் உங்களைவிட யார் சொல்லிவிட முடியும் என்று சிரித்தார். பிறகு தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வயதானால் தோல் வறளும், கவலையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை வேறு களிம்பு. அதற்கடுத்து ரப்பர் கையுறை. கையுறைக்குள் வியர்த்து, கீறல் இன்னும் மோசமானது. இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

மகள் விடுகிறவளாக இல்லை. நான் மறுத்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்தபடி ஒரு கம்பெனிக்குச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை காலை, காபி குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும், அடர்ந்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு கறுப்புப் பெட்டி. கன்னடத்தில் ஆரம்பித்தவர், உள்ளே நானும் மனைவியும் பேசிக்கொண்டதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"நாமளும் தமிழுதானுங்க ஸார். நமக்கு ஹனூருப் பக்கமுங்க."

தமிழ் பேசினால் மனம் இளகிவிடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. இளகத்தான் செய்தேன், ஆனால் தண்ணீர் விஷயத்தில் இல்லை. உட்காரச் சொல்லிக் காபி கொடுக்கச் செய்துவிட்டு, உங்கள் வித்தையைக் காட்டுங்கள் என்றேன்.

பெட்டியிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்தார். ஒன்றில் எங்கள் சமையலறைக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர், அவர்கள் மெஷின் வடிகட்டியதாம். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கில் மாட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, சேறு மாதிரி நுரைத்து மேலே வந்தது. அவர் தண்ணீர் பளிங்காகவே இருந்தது.

"பாருங்க ஸார், இதைத்தான் நீங்க தினமும் பொழங்கறீங்க" என்று வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்தத் தருணத்துக்காகத்தான் அவரை உள்ளே விட்டதே. அஞ்சறைப் பெட்டிப் பக்கமிருந்து ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவரச் சொன்னேன். அதை அவருடைய பளிங்குத் தண்ணீரில் போட்டு, இப்போது மறுபடி கம்பியை இறக்குங்கள் என்றேன். அவர் தயங்கினார். நானே இறக்கினேன். அவர் தண்ணீர் எங்கள் தண்ணீரைவிடக் கேவலமாகக் கலங்கியது.

"அது தண்ணீர்ல இருக்கற அழுக்கு இல்லை. உங்க இரும்புக் கம்பி கரையறது. உப்புச் சத்து கொஞ்சம் இருந்தா மின்சாரம் பாயும், பாய்ஞ்சா கம்பி கரையும். உங்க தண்ணீர்ல உப்பே இல்லை, அதனால பாயலை. இதுக்குப் பேர் சோதனை இல்லை, கண்கட்டு வித்தை" என்றேன்.

மனிதர் நல்லவர். சண்டைக்கு வரவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். "கம்பெனியில இப்படித்தானுங்க காட்டச் சொல்லிக் குடுத்தாங்க. இத்தனை வருசத்துல உப்பைப் போட்டுக் கேட்ட மொதல் ஆளு நீங்கதானுங்க" என்றார். நான் எங்கே என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னதும் எழுந்து நின்று கும்பிடே போட்டார். எனக்கு அன்று இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

ஆனால் போவதற்கு முன் குவளைகளைக் கழுவ ஒரு தடவை சமையலறைக்குள் போனார். கை கழுவ வராந்தா ஓரத்துக் குளியலறைக்கும் போனார். வந்து பெட்டியை மூடிக்கொண்டே, விற்கிற குரலை விட்டுவிட்டு, சும்மா கேட்பது போல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. பாத்ரூம் கொழாயெல்லாம் பளபளன்னு இருக்குதுங்க. சமையக்கட்டுக் கொழாயில மட்டும் வெள்ளை வெள்ளையா புடிச்சிருக்குதே. ரெண்டுலயும் ஒரே தண்ணிதானுங்களா?"

"ஒரே தண்ணிதான்" என்றேன். "அந்தக் குழாய் பழசு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மனைவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "அவர் கேட்டதுல தப்பொண்ணும் இல்லையே" என்றாள். வீட்டில் எல்லாக் குழாயும் ஒரே வருஷம் வாங்கியதுதான் என்பது எனக்கு அப்போதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த மயக்கத்தில் மகளுக்கு போன் போட்டு உப்புக் கதையை இரண்டு தடவை சொன்னேன்.

அவள் மசியவில்லை. "அவன் டெமோ பொய்யின்னா உன் தண்ணி நல்லதுன்னு ஆயிடுமா? நீ கெமிஸ்ட்தானே? டெஸ்ட் பண்ணிக் காமி. காமிச்சா அப்புறம் நான் இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்" என்றாள்.

என் மகள்தானே, சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். நான் திங்கட்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். ஆய்வகச் சாமான் விற்கிற ஒரு கடை அங்கே உண்டு. வேலையில் இருந்த காலத்தில் அவசரத்துக்கு வாங்கப் போய்ப் பழக்கம். அந்தச் சந்தில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் இரண்டு ஆட்டோக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். வேலை சுலபம். குப்பியில் தண்ணீரைப் பிடித்து, ஒரு சிட்டிகை பொடியைப் போட்டால் திராட்சை ரசத்தின் சிவப்பு வரும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு போய் நீலமானதும் நிறுத்தி, எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். சொட்டு கூடினால் சுண்ணாம்பு அதிகம். இதை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

டைனிங் டேபிளில் வெள்ளைத் துண்டை விரித்து, மூன்று குப்பிகளை வரிசையாக வைத்தேன். முதலாவது, வாசலில் மீட்டருக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்தது. நகரத்துத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, நிலத்தடித் தொட்டியில் நிறைவதற்கு முன் அங்கேதான் தலைகாட்டும். இரண்டாவது குளியலறை. மூன்றாவது சமையலறை. மகளுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க வேண்டும் என்பதற்காக ஜன்னல் திரையைக்கூட விலக்கி வைத்தேன்.

மீட்டர்க் குழாய்: எட்டுச் சொட்டில் நீலம். சொன்னேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளியலறை: எட்டு, ஒன்பதாவது சொட்டில் ஐயமே இல்லாத நீலம். சமையலறைக் குப்பியை எடுத்தேன். எட்டு. பத்து. பதினைந்து. சிவப்பு அப்படியே இருந்தது. இருபது. குப்பியைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். கொட்டிவிட்டு, மும்முறை அலசி, புதிதாகப் பிடித்து வந்து ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் சிவப்பாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது காவேரி இல்லை. முப்பத்தோரு வருஷம் அந்தத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அது தெரியாதா? அது சுத்தமான போர்த் தண்ணீர்.

நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். எங்கள் மாடியில் இரண்டு தொட்டிகள். பெரியது காவேரிக்கு, சின்னது போருக்கு. கிழிந்த கொசுவலை, உடைந்த பூந்தொட்டி, எதற்கென்றே தெரியாமல் சேர்த்து வைத்த பைப்புத் துண்டுகள் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, சமையலறைக்கு இறங்குகிற பைப்பைத் தொட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனேன். அது சின்னத் தொட்டியில் போய் முடிந்தது. நடுவில், காவேரித் தொட்டியிலிருந்து வந்து சேருகிற இன்னொரு பைப்பும் இருந்தது. அதன் மேல் பித்தளை வால்வு ஒன்று. மூடியிருந்தது.

அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. வந்தபோது முழுசாக வந்தது.

வீடு கட்டுகிற காலத்தில் என் அம்மா எங்களோடு இருந்தாள். மடி ஆசாரத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதவள். "நீ மருந்து போட்டு அனுப்பற தீர்த்தம் ஊருக்கு ஆகட்டும். பெருமாளுக்கும் தளிகைக்கும் ஆகாது" என்று பெற்ற பிள்ளை முகத்துக்கு நேராகச் சொன்னாள். மருந்து என்றால் குளோரின். நம் மண்ணிலிருந்து வருகிற தண்ணீரில்தான் சமைக்க வேண்டும், அதில்தான் பெருமாளுக்குத் திருமஞ்சனம். காவேரியை என்ன பண்ணுவது என்று கேட்டேன். "நித்யம் காவேரி ஸ்நானம் பண்ணக் கொடுத்துவெச்சிருக்கணும். அதைக் குளிக்கற ரூமுக்கு விடு" என்றாள். ஊர் முழுக்கக் காவேரியில் சமைத்துப் போரில் குளித்தபோது, எங்கள் வீட்டில் மட்டும் போரில் சமைத்துக் காவேரியில் குளித்தோம். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படியொரு பிளம்பிங் இருக்காது. நிலையத்துக் கெமிஸ்ட் வீட்டில் இருந்தது.

அம்மா காலமானதும் சமையலறையைக் காவேரிக்கு மாற்றுகிறேன் என்று பிளம்பரைக் கூப்பிட்டதும் நான்தான். அவர் புதுப் பைப்பைப் போட்டு, வால்வையும் வைத்து, திறந்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வருஷம் முடிகிற வரை மாதாமாதம் அவளுக்குத் திதி வரும். அந்தத் தளிகையை அவள் ஒத்துக்கொள்ளாத தண்ணீரில் பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வருஷாப்திகம் முடியட்டும், நானே திறந்துகொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். வருஷாப்திகம் முடிந்த மறுநாள் காவேரியில் வெள்ளம். கலங்கல் தண்ணீர் நிலையத்துக்குள் சேறாக வந்து கொட்டியது. வாரக்கணக்கில் நான் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போனதோடு சரி. அந்த வேலை முடிந்தபோது, வால்வைத் திறந்துவிட்டதாகவே என் மனதில் பதிந்துவிட்டது. அதற்கப்புறம் எட்டு வருஷம். சின்னத் தொட்டி எப்படி இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது, நான்கு செம்பருத்திச் செடிக்கு இத்தனை தண்ணீரா என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. குடிக்கவும் காபிக்கும் மகள் வாங்கிக் கொடுத்த சின்ன மெஷின் தண்ணீர் என்பதால், நாக்குக்கும் தெரியவில்லை.

வால்வைத் திருப்பினேன். அசையவில்லை. எட்டு வருஷத்து வெள்ளைப் பாசி மாதிரி சுண்ணாம்பு அதைச் சுற்றிக் கட்டிப்போயிருந்தது. கீழே போய் ஸ்பேனர் கொண்டுவந்து, எண்ணெய் விட்டுக் காத்திருந்து, இரண்டு கையாலும் பிடித்து முழு எடையையும் போட்டேன். நாலாவது முறை கிறீச்சென்று நகர்ந்தது. முழுக்கத் திறந்துவிட்டு, போர்ப் பக்கத்து வால்வை மூடினேன். பைப்புக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. கண்டுபிடித்தது நான்தானே என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

மனைவி சமையலறையில் மத்தியானப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். "கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விடு. பழைய தண்ணி போகட்டும்" என்றேன். விட்டாள். பிறகு சோப்பைத் தேய்க்கச் சொன்னேன். நுரை பொங்கி அவள் மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. அவள் கையை எடுக்காமல் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மகளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எங்கள் வீட்டுக்கு வடிகட்டி தேவையில்லை, வேண்டியது ஒரு வால்வைத் திறப்பதுதான், திறந்தாகிவிட்டது என்று அறிவித்தேன். எட்டுச் சொட்டு, முப்பது சொட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் மடிக் கதையையும் சொன்னேன். பெருமாளுக்குத் தோட்டத்துக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டால் போயிற்று என்று அதற்கும் தீர்ப்புச் சொன்னேன்.

"அப்போ இந்த ரெண்டு வருஷமா அம்மா கை?" என்றாள் மகள். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

இந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டுக்கொள்ளவே இல்லை. திரும்பி மனைவியைப் பார்த்தேன். டாக்டர் அவளைத்தான் கேட்டார், பதில் சொன்னது நான் என்பது அப்போதுதான் உறைத்தது. வயசு என்றும் கவலை என்றும் அவர் சொன்னதெல்லாம் என் வார்த்தையை நம்பிச் சொன்னது. "தப்பு என்னோடதுதான். நான் கவனிச்சிருக்கணும். உனக்கும் தெரியாம போயிடுத்தே" என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"மோட்டார் போடறது யாரு? நான்தானே. நல்ல மழைக்காலத்துல, செடிக்கு ஒரு சொட்டு விடாத நாள்ல கூட, போர்த் தொட்டி காலியாயிடறது. அது எங்கே போறது? டாக்டராண்ட போறதுக்கு முன்னாடியே தெரியும். பருப்பு வேகறதே இல்லைன்னு மெஷின் தண்ணியைத்தானே விட்டுண்டிருக்கேன்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"சொன்னேன். நுரை வரலைன்னு சொன்னேன், சோப்பை மாத்தச் சொன்னேள். பருப்பு வேகலைன்னு சொன்னேன், பருப்பு பழசுன்னேள். டாக்டராண்ட வாயைத் திறந்தேன், நீங்க சொல்லிட்டேள். வெளி மனுஷா முன்னாடி நீங்க அவ்வளவு நிச்சயமா சொன்னதுக்கப்புறம், இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கு அவமானமில்லையா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. தட்டுத் தடுமாறி, அந்த வால்வு இருப்பதாவது தெரியுமா என்று கேட்டேன். பிளம்பர் அதைப் போட்டபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது தான்தான் என்றாள். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"போன மார்கழில நீங்க பேங்குக்குப் போயிருந்தப்போ மாடிக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு நாள் பார்த்தேன். இந்தக் கையால அதைத் திருப்ப முடியலை. ரத்தம் வந்ததுதான் மிச்சம்."

அதுவரை கையிலேயே வைத்திருந்த ஸ்பேனரை மேடை மேல் வைத்தேன்.

"என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"கூப்பிட்டிருந்தா, அது திறந்துதான் இருக்குன்னு சொல்லியிருப்பேள்."

ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.